மயக்க மருந்தை அளந்து கொடுத்த மேதை ஜான் ஸ்னோ



ஆபரேஷன் என்று சொன்னாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். வலி தெரியாமலிருக்க மயக்க மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் மயங்கியவர் பத்திரமாகக் கண்விழிக்க வேண்டுமே! அதற்காகப் பாடுபட்டவர்தான் டாக்டர் ஜான் ஸ்னோ.

இவர் 1813-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். 14 வயதில் நியூகாசலில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். காலரா பரவியபோது, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பயப்படாமல் வைத்தியம் பார்த்தார். பின்பு லண்டனில் படித்து 1844-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1846-இல் அமெரிக்காவில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே குளோரோஃபாரமும் வந்தது. ஒரே கொண்டாட்டம்! ஆனால் 1848 ஜனவரியில் நியூகாசல் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால்நகம் எடுக்கக் குளோரோஃபாரம் கொடுத்தார்கள். பயந்து அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளை சில நிமிடங்களில் இறந்துபோனாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர்!

விதி என்று ஸ்னோ சும்மா இருந்துவிடவில்லை. துணியில் ஊற்றி மூக்கில் வைத்தால் எவ்வளவு ஆவி உள்ளே போகிறதென்று யாருக்குத் தெரியும்? ஆவி கடுமையானால் இருதயம் நின்றுவிடும் என்று ஆராய்ந்து சொன்னார். அளவோடு கொடுக்கக் கருவி செய்தார். மூச்சையும் நாடியையும் கவனித்தபடி பக்கத்திலேயே இருந்தார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழுதி வைத்தார். 1853-இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கும் அவரைத்தான் அழைத்தார்கள். 1854-இல் காலரா குடிநீரால் பரவுகிறது என்று காட்டியவரும் இவரே. 1858-இல் 45 வயதில் காலமானார்.

பயத்துக்கும் இதில் பங்குண்டு என்பது பிறகுதான் விளங்கியது. பயமோ வலியோ வந்தால் உடம்பு அட்ரினலின் என்ற நீரைச் சுரக்கும், இருதயம் படபடக்கும். அரைகுறை மயக்கத்தில் குளோரோஃபாரமும் அட்ரினலினும் சேர்ந்தால் இருதயம் துடிப்புத் தடுமாறி நின்றுவிடலாம் என்று 1911-இல் டாக்டர் லெவி நிரூபித்தார்.

ஆகவே பெற்றோர்களே, ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் சாப்பிடக் கூடாது என்றால், பிள்ளை அழுகிறதே என்று ஒளித்து ஊட்டாதீர்கள். பயமுறுத்தாமல் தைரியம் சொல்லுங்கள்.

மாணவர்களே! கூலித் தொழிலாளியின் மகன் மகாராணிக்கே வைத்தியம் பார்த்தார். அவரிடம் இருந்தது அக்கறையும், எதையும் அளந்து எழுதி வைக்கும் பழக்கமும்தான். அந்தப் பழக்கம் நமக்கும் வரட்டும்!