வசூல் படுத்த காலத்தில் நாடகக் கம்பெனி பிழைத்தது எப்படி? டி.கே.சண்முகத்தின் கதை

2020 ஊரடங்கில் ஜவ்வாது மலை அடிவாரம் முதல் செய்யாறு வரை கூத்துக் களங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கூத்துக் குழுவுக்கு ஒரு சீசன் போச்சுன்னா, அந்த வருஷ வருமானத்தில் பெரும்பகுதி போச்சு. நலவாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை வந்தது. ஆனால், நெருக்கடி நீண்டால் ஒரு கலைக்குழு எப்படித் தாக்குப்பிடிக்கும்? 90 வருஷத்துக்கு முன் இதே கேள்வியைச் சந்தித்தவர் டி.கே.சண்முகம்.

யார் இவர்?

கமல்ஹாசனின் ‘அவ்வை சண்முகி’ தலைப்பு இவரை நினைவுபடுத்தித்தான். சின்ன வயதில் கமல் நடிப்புப் பழகியது இவரிடம். சென்னை லாயிட்ஸ் சாலைக்கு இன்று இவர் பெயர்.

1912-ல் பிறந்தார். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தார். 1925-ல் அண்ணன் தம்பி நால்வரும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அப்போது இவருக்கு 13 வயசுகூட நிறையலை.

சிக்கல் என்ன?

பாய்ஸ் கம்பெனி என்பது ஊர் ஊராக நகரும் ஒரு பெரிய குடும்பம். டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் பையன்களுக்குச் சோறு போடணும், கொட்டகை வாடகை கட்டணும், சீன்களை ரயிலில் ஏற்றணும்.

1929-ல் உலகப் பெருமந்தம். நெல் விலை சரிந்தது, கிராமத்தில் கையில் காசு இல்லை. 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ வந்தது. ஒரே நேரத்தில் ரெண்டு அடி.

என்ன செய்தார்கள்?

முதலாவது, சரக்கை மாற்றினார்கள். புராணத்தை மட்டும் நம்பாமல் ‘தேசபக்தி’ போன்ற நாடகங்களையும் மேடையேற்றினார்கள்.

இரண்டாவது, போட்டியாளரையே வருமானமாக்கினார்கள். தாங்கள் நடித்துவந்த ‘மேனகா’ 1935-ல் படமானது, சகோதரர்களே நடித்தார்கள். என்.எஸ்.கிருஷ்ணன் திரையில் அறிமுகமானதும் அதில்தான். 1941-ல் ‘குமாஸ்தாவின் பெண்’ நாடகமும் படமானது. ஆனாலும் மேடையை விடவில்லை. முப்பது வயசையொட்டிய சண்முகம் 1940-களில் ஔவைப் பாட்டியாக மேடையேறினார். ‘அவ்வை’ பட்டம் அப்படி ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, தனியாகப் போராடவில்லை. 1944-ல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்ட முன்நின்று, சிதறிக் கிடந்த கலைஞர்களை ஒரே பந்தலுக்குக் கொண்டுவந்தார்.

ஏன் இது முக்கியம்?

ஒரு குழு கலைந்தால் அன்றைய ஆட்டம் மட்டும் நிற்பதில்லை. அடுத்த தலைமுறைக்கான பள்ளிக்கூடமே மூடப்படுகிறது. என்.எஸ்.கே., கே.ஆர்.ராமசாமி, எஸ்.வி.சகஸ்ரநாமம் எல்லோரும் இந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். இதில் தேர்ந்த சகஸ்ரநாமம் பிறகு ‘சேவா ஸ்டேஜ்’ தொடங்கினார். சண்முகம் 1973-ல் மறைந்தார். மந்த காலத்திலேயே கொட்டகையைப் பூட்டியிருந்தால், இந்தப் பெயர்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

இன்று ஊர்த் திருவிழாவுக்குக் கூத்து வைக்கலாமா, செலவு அதிகமா என்று யோசிக்கும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம்.