வழக்குக் கொடுக்க ஆளில்லாத பாரிஸ்டர்

1923-ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது அண்ணல் அம்பேத்கருக்கு வயது 32. கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் உயர்பட்டங்கள் பெற்றவர். கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனவர். ஆனாலும் சன்னது பெறுவதற்கான கட்டணத்தைக் கட்ட அவரிடம் பணமில்லை. நவல் பத்தேனா என்னும் பார்சி நண்பர் கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் இந்திய நீதித்துறையின் வாசல் அவருக்குத் திறந்தது.

வாசல் திறந்ததே தவிர, வழக்கு வரவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவில் கட்சிக்காரர் நேரே பாரிஸ்டரிடம் செல்ல இயலாது. இடையில் சொலிசிட்டர் ஒருவர் வழக்குக் கட்டைத் தயாரித்துத் தாம் விரும்பும் பாரிஸ்டரிடம் ஒப்படைப்பார். சொலிசிட்டர்கள் சாதி இந்துக்களாகவும் பார்சிகளாகவும் ஐரோப்பியர்களாகவும் இருந்தனர். தீண்டத்தகாதவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரோடு தொழில் உறவு கொள்ள அவர்கள் முன்வரவில்லை. எனவே மாவட்ட நீதிமன்றங்களின் சில்லறை வழக்குகளே தொடக்கத்தில் அவருக்கு மிஞ்சின. வருமானம் போதாமல் 1925 முதல் 1928 வரை பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

இதற்குமுன்பே அவர் இதைப் பார்த்தவர்தாம். 1891 ஏப்ரல் 14-இல் மோவ் படைமுகாமில் பிறந்து, பரோடா மன்னரின் உதவித்தொகையில் வெளிநாட்டில் படித்து, 1917-இல் அதே பரோடாவில் பணியில் சேர்ந்தபோது, கடைநிலை ஊழியர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமீது வீசினர். தங்கியிருந்த விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பட்டம் சாதியை மறைக்காது என்பதை அன்றே உணர்ந்தவர், வழக்கறிஞர் தொழிலில் வியப்படைந்திருக்க மாட்டார்.

ஒடுக்கப்பட்ட மனிதர் வழக்கறிஞரைத் தேடி அலைவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒடுக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரைத் தேடி அலைந்ததைப் பற்றிப் பேசியது குறைவு. இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். ஒரு பக்கத்தில் பணமில்லாத ஏழை. மறுபக்கத்தில் அவரை நம்பி ஏற்கக்கூடிய, ஆனால் தொழிலில் நிற்க முடியாத அவர் சமூகத்து வழக்கறிஞர். அந்தச் சுவரில் பம்பாயின் பரேல் பகுதியில் ஒரு துளை விழுந்தது. 1924 ஜூலையில் தொடங்கப்பட்ட பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அலுவலகம் அங்குள்ள தாமோதர் அரங்கில் இயங்கியது. ஆலைத் தொழிலாளரும் ஏழைகளும் சொலிசிட்டர் எவரும் இல்லாமல் நேரே அவரிடம் வரத் தொடங்கினர்.

அவரது பெயரை வெளியில் கொண்டுசென்றது 1926-இல் நடந்த ஓர் அவதூறு வழக்கு. தேசாச்சே துஷ்மன் என்னும் மராத்தி நூலுக்காகப் பார்ப்பனரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த தினகரராவ் ஜவள்கர், கேசவராவ் ஜேதே ஆகியோர் தண்டிக்கப்பட்டிருந்தனர். மேல்முறையீட்டில் அம்பேத்கர் வாதாடித் தண்டனையை நீக்கச் செய்தார். 1934-இல் பாலியல் கல்வி குறித்து எழுதியதற்காக ஆபாசக் குற்றம் சாட்டப்பட்ட ர. தோ. கார்வேக்காக வாதாடினார், அதில் தோற்றார். மரியாதை கருதிப் பலரும் தொடத் தயங்கும் வழக்கு அது.

ஆனால் அவருடைய வாழ்வின் பெரிய வழக்கில் அவர் முதலில் பிரதிவாதி. அதன் பிறகே வழக்கறிஞர். 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை அனைவருக்கும் திறக்கத் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் அதை ஏற்றது. தீர்மானம் தாளில் கிடந்தது. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினர். சாதி இந்துக்கள் தாக்கினர். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் குளத்துக்குச் செல்ல ஆயத்தமானபோது, எதிர்த்தரப்பினர் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்றனர். குளம் தமக்கே உரிய தனிச்சொத்து என்றும், தீண்டப்படாதோர் அதைத் தொடாதது தொன்றுதொட்ட வழக்கம் என்றும் வாதிட்டு, டிசம்பர் 14-இல் இடைக்காலத் தடை பெற்றனர்.

கூடியிருந்த பல்லாயிரம் பேர் தடையை மீறத் தயாராக நின்றனர். அம்பேத்கர் அவர்களைத் தடுத்து, நீதிமன்றத்திலேயே போராட முடிவு செய்தார். அந்த மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது, குளம் தொடப்படவில்லை. இதைச் சிலர் பின்வாங்கல் என்பர். எதிரி சட்டத்தைக் கேடயமாக எடுத்த இடத்தில் அந்தக் கேடயத்தையே பறிக்க முனைந்த முடிவு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஆனால் அதன் விலை சிறிதன்று. கீழமை நீதிமன்றம் 1931-இல் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 1937 மார்ச் 17-இல் வந்தது. ஒரு மிடறு தண்ணீருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல். வழக்குக்கு அஞ்சாத, தொழில் தெரிந்த ஒருவர் பிரதிவாதிகளிலேயே இருந்ததால் அது தாக்குப்பிடித்தது. அப்படியொருவர் இல்லாத ஊர்களில் எத்தனை தடையாணைகள் கேள்வியின்றி நிலைத்திருக்கும்?

வெற்றியின் அளவையும் கவனிக்க வேண்டும். தொன்றுதொட்ட வழக்கம் என்று எதிர்த்தரப்பு சொன்னது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே உயர்நீதிமன்றத் தீர்ப்பின் அடிப்படை. தீண்டாமை சட்டப்படி செல்லுமா என்னும் பெரிய வினாவுக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அரசமைப்பின் 17-ஆவது உறுப்பு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

இது மராட்டிய மண்ணின் கதை மட்டுமன்று. சென்னை மாகாணத்தில் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் அனைவருக்கும் திறக்கும் தீர்மானத்தை 1924-இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசன். திருவரங்கத்தை நினைத்துப் பாருங்கள். அக்கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் தெருக்கள். அங்கே எது பொதுத் தெரு, எது கோயிலின் சுற்று? எது உரிமை, எது வழக்கம்? சவுதார் குளத்தின் கரையில் எழுந்த அதே வினாதான். சட்டமன்றத் தீர்மானம் வழி காட்டும். அந்த வழியில் நடப்பவரை ஒருவர் மறித்தால் அவருக்காக வாதாட ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்னும் வினாவை அம்பேத்கர் அரசமைப்பு அவைக்குள்ளும் கொண்டுசென்றார். தனிமனித உரிமை பற்றிய உறுப்பிலிருந்து உரிய சட்ட முறைமை என்னும் பாதுகாப்பு நீக்கப்பட்டபோது எழுந்த கண்டனத்தை அவர் நியாயமெனக் கருதினார். அதற்கு ஈடாக 1949 செப்டம்பர் 15-இல் ஒரு புதிய பிரிவை முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22-ஆவது உறுப்பு. கைது செய்யப்பட்டவர் தாம் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவர்மூலம் தம்மைக் காத்துக்கொள்ளவும் உள்ள உரிமை அதில் இருக்கிறது. அதே உறுப்பு தடுப்புக் காவலுக்கும் இடமளித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையை அது தந்தது; வழக்கறிஞருக்கான கூலியைத் தரவில்லை. இலவச சட்ட உதவி பற்றிய 39-அ உறுப்பு 1976-இல்தான் சேர்ந்தது. அப்போது அவர் மறைந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தலித்துகள் இருவரின் வாயில் மலம் திணிக்கப்பட்டது. அவர்களுக்காகச் சட்டப் போரில் இறங்கிய பொ. இரத்தினம் மதுரை வழக்கறிஞர். அன்றும் திருச்சியில் நீதிமன்றங்கள் இருந்தன. 1979 முதல் அரசு சட்டக் கல்லூரியும் இருந்தது. இன்று திருவரங்கம் வட்டம் நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்குப் படிக்கும் நம் மாணவர்கள் பார் கவுன்சிலில் பதிவு செய்யும் நாளில் யாருடைய அலுவலகத்தில் இளையராகச் சேர்வார்கள், முதல் மூன்றாண்டு வாடகையை யார் கொடுப்பார்கள் என்பது 1923-இன் வினாதான். சொலிசிட்டர் போய்விட்டார், பழக்கமும் பரிந்துரையும் அவருடைய நாற்காலியில் அமர்ந்திருக்கின்றன.

கையிலிருக்கும் கருவிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறலாம். திருச்சியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றால் அது மதுரைக் கிளை. அங்கும் தனிக் குழு உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-அ பிரிவு, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறவும், எதிரியின் பிணை மனுவில் தம் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது, அச்சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 4(5). அரசு வழக்கறிஞர்மீது நம்பிக்கை இல்லாத பாதிக்கப்பட்டவர், தமக்கு வேண்டிய மூத்த வழக்கறிஞரை அரசுச் செலவில் அமர்த்துமாறு மாவட்ட ஆட்சியரிடம் கோரலாம். மனு எழுத்தில் இருக்கட்டும். வழக்கறிஞரின் பெயரும் அவருடைய ஒப்புதல் கடிதமும் இணைந்திருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிய பிறகே ஆட்சியர் அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள். மறுத்தால் அந்த நகலோடு மதுரைக் கிளைக்குச் செல்லலாம்.