சட்டை அணிந்து ஊர் திரும்பியவர்: இம்மானுவேல் சேகரன்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 நெருங்குகையில் இராமநாதபுரம் மாவட்டத்தில் தடையாணை பிறப்பிக்கப்படுகிறது. வாடகை வண்டிகளில் வரக்கூடாது, குறித்த பாதையை விட்டு விலகக்கூடாது, முழக்கமிடக்கூடாது என்று நிபந்தனைகள் நீள்கின்றன. வெளிமாவட்டக் காவலர்கள் பரமக்குடியில் குவிக்கப்படுகிறார்கள். அஞ்சலி செலுத்தச் சென்ற இளைஞர்கள் மீது பதியப்படும் வழக்குகள் அடுத்த வாரமே நம் மேசைக்கு வந்துவிடுகின்றன. இத்தனை ஏற்பாட்டிலும் காணாமற்போவது, யாருக்காக அந்த நாளோ அந்த மனிதரின் வாழ்க்கை. தியாகி இம்மானுவேல் சேகரன் இறந்த நாளை இந்த மாவட்டமே அறியும். வாழ்ந்த நாட்களைச் சொல்லச் சொன்னால் நம்மவர்களே தயங்குகிறார்கள்.

அவர் 1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர், தாய் ஞானசௌந்தரி. தந்தை ஆசிரியர் என்பதைச் சாதாரணச் செய்தியாகக் கடந்து செல்ல முடியாது. அந்தக் காலத்து இராமநாதபுரத்தில் அது எத்தகைய மீறல் என்பதை அறிய, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ஹட்டன் பதிவு செய்ததைப் பார்க்க வேண்டும்.

1930 டிசம்பரில் இம்மாவட்டத்தின் கள்ளர் நாட்டார்கள் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். தங்கம், வெள்ளி அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடை உடுத்தக்கூடாது. சட்டையும் மேலங்கியும் பனியனும் போடக்கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூச்சூடக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் பறிக்கப்பட்டன. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பதும், சொந்தமாகப் பயிரிடாமல் நிலவுடைமையாளரிடம் அடிமை வேலை செய்ய வேண்டும் என்பதும் அவற்றுள் சேர்ந்தன. அம்பேத்கரின் எழுத்துகளிலும் இத்தடைகள் இடம்பெற்றிருக்கின்றன.

தடைகள் அறிவிக்கப்பட்டபோது செல்லூர் ஆசிரியர் மகனுக்கு வயது ஆறு. உடையும் எழுத்தும் தண்டனைக்குரிய குற்றங்களாயிருந்த மாவட்டத்தில், எழுத்தறிவிப்பவர் ஒருவரின் வீட்டில் அவர் வளர்ந்தார் என்பதை நினைவில் கொண்டால், பின்னாளில் அவர் செய்தவை வியப்பளிப்பதில்லை.

1942இல், பதினெட்டு வயதில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். விடுதலைப் போராட்ட வரலாற்றை எழுதியவர்கள் இதை அரைவரியில் முடித்துக்கொள்வது வழக்கம். 1945இல் இந்திய இராணுவத்தில் சேர்ந்து அவில்தார் மேஜர் நிலைவரை உயர்ந்தார். 1946இல் அமிர்தம் கிரேஸை மணந்தார். நான்கு பெண் குழந்தைகள்.

படையிலிருந்து ஊர் திரும்பியதுதான் அவரது பொதுவாழ்வின் தொடக்கம். இராமநாதபுரம் கரை வெளியே போனவர்களின் கரை. தனுஷ்கோடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் பரிசோதிக்கப்பட்டு, தனிமைப்படுத்தப்பட்டு, அதன் பின்பே கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வேறு பலர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். போனவர்களை எந்த ஊரும் தடுக்கவில்லை. திரும்பி வருபவர் காலில் செருப்போடும் தோளில் துண்டோடும் நிமிர்ந்து வந்தால்தான் சிக்கல். சீருடையில் வரிசைகளுக்குக் கட்டளையிட்டுப் பழகிய ஒருவர், ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டார். பிறந்த ஊரே தன்னைப் புதிதாய் வந்த அந்நியனைப் போல் நடத்துவதை அவர் ஏற்கவில்லை.

அப்போது சட்டம் அவர் பக்கம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1938இலேயே சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்துவிட்டது. 1950இல் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனைகளை வகுத்தது. ஆனால் முதுகுளத்தூர் வட்டத் தேநீர்க் கடைகளில் குவளைகள் அப்போதும் இரண்டு வகையாகவே தொங்கின. சட்டத்தைக் கடைவாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

1950களின் முற்பகுதியில் அவர் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தைக் கட்டினார். 1954இல் இரட்டைக் குவளை முறையை எதிர்த்து மாநாடு கூட்டினார். ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார், கைம்பெண் மறுமணத்தை வலியுறுத்தினார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். இவற்றில் எதுவும் பெரும் புரட்சித் திட்டமாகத் தோன்றாது. ஒரே குவளை, ஒரே பாதை, அடிபட்டால் காவல் நிலையத்தில் ஒரு புகார். ஆனால் அந்தப் புகாரைக் கொடுக்கத் துணிவதற்கு ஊரில் ஓர் ஆதரவு வேண்டும். இன்றும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை நடத்தும் நாம் முதலில் தேடுவது அந்த ஆதரவைத்தான். சாட்சி பிறழ்வதும், எதிர் வழக்குப் போட்டுச் சமரசத்துக்கு இழுப்பதும் நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, ஊரில் தொடங்குகின்றன.

1957 பொதுத்தேர்தலில் பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒருசேர வென்று, சட்டமன்ற இடத்தைத் துறந்தார். ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது; பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார். காங்கிரசை ஆதரித்த பள்ளர்களுக்கும் மறவர்களுக்கும் இடையே மோதல்கள் ஊர் ஊராய்ப் பரவின, வீடுகள் எரிந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறவர்களும் கள்ளர்களும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வதைபட்டவர்கள். 1920இல் மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தவர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. பிறப்பை வைத்து மனிதர்களைக் குற்றவாளிகளாக்கிய அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தேவர் போராடியதை நாம் மறுக்கவில்லை. அதே அளவுகோல் சேரிக்குப் பொருந்தாமற்போனது எப்படி என்பதே நம் கேள்வி.

1957 செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். பள்ளர்களின் சார்பில் வந்தவர்களில் இம்மானுவேல் சேகரனும் ஒருவர். கூட்டறிக்கை ஒன்றில் எல்லாரும் கையொப்பமிடுவது பற்றிப் பேசப்பட்டபோது, அவரைத் தனக்கு நிகரான தலைவராகக் கொள்ளத் தேவர் மறுத்தார் என்றும், தனித்தனி அறிக்கைகளே சாத்தியமாயின என்றும் அரசுத் தரப்பு கூறியது. தேவர் அணியினர் எழுதியவை வேறு விதமாகச் சொல்கின்றன. அந்த அறையில் பேசப்பட்டவை பற்றி இரு தரப்பும் இன்றுவரை ஒன்றுபடவில்லை. ஆனால் தகராறு எதைப் பற்றியது என்பதில் ஐயமில்லை: ஒரு பள்ளர் தன் மக்களின் பிரதிநிதியாக, எதிரில் இருப்பவருக்குச் சமமாக, நாற்காலியில் அமரலாமா என்பது பற்றியது.

மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் ஒரு கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயது நிறைய ஒரு மாதம்கூட மீதமில்லை. இதை எழுதும் நமக்கு இன்று ஏறக்குறைய அந்த வயதுதான்.

பின் நடந்தவை கலவர வரலாற்றின் பகுதி. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. இரு தரப்பு ஏழைகளும் வீடும் உயிரும் இழந்தனர். மாத இறுதியில் தேவர் கைது செய்யப்பட்டு, புதுக்கோட்டையில் நடந்த வழக்கில் 1959 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பை மீறி நாம் எவரையும் குற்றவாளி என்று எழுதப்போவதில்லை. ஆனால் வழக்கு யார் குற்றவாளி என்பதைச் சுற்றியே பேசப்பட்டு, கொல்லப்பட்டவர் எதற்காக வாழ்ந்தார் என்பது வழக்குக் கட்டுகளுக்கு அடியில் புதைந்துபோயிற்று.

2010இல் மத்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11 அன்று, அவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்டவர்கள் மீது பரமக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஆறு பேர் உயிரிழந்தனர். அரசு அமைத்த ஒருநபர் விசாரணை ஆணையம் காவல்துறையின் செயலை நியாயப்படுத்தியது.

இந்தக் கரை வந்தவர்களை ஏற்ற கரையும்தான். இலங்கைக்குக் கூலிகளை அனுப்பிய அதே மண்டபத்தில் 1983க்குப் பின் ஈழ அகதிகள் தங்கவைக்கப்பட்டனர். 2022 பொருளாதார நெருக்கடியிலும் குடும்பங்கள் படகில் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கின. அவர்களுக்கு முதலில் தண்ணீரும் சோறும் தந்தவர்களில் மீனவர்கள் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கடல் கடந்து வந்தவருக்குச் சோறு கொடுக்கும் மாவட்டத்தில், உள்ளூர்ச் சேரிக்காரருக்குத் தெருவில் நடக்கக் காவல் பாதுகாப்புக் கேட்டு மனுப்போட வேண்டியிருக்கிறது.

முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் இப்போது கண்ணாடிக் குவளைகளோடு காகிதக் குவளைகளும் இருக்கின்றன. யாருக்கு எதில் ஊற்றுவது என்று கடைக்காரருக்குத் தெரியும். கேட்டால், சுகாதாரம் என்பார். 1955ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் உள்ளது. 1976இல் பெயர் மாற்றப்பட்டு, கடுமையாக்கவும் பட்டது. குடித்து முடித்ததும் கசக்கி எறியப்படும் அந்தக் குவளையை அச்சட்டத்தின்கீழ் சான்றுப் பொருளாகக் கொண்டுவருவது எப்படி என்று சக வழக்கறிஞர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.