யார் இந்த சீக்வோயா? எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு மொழிக்கே எழுத்து கொடுத்த கதை

ஐபோனில் 2010 முதல் செரோக்கி மொழிக்கும் இடம் உண்டு. அந்த மொழியின் எழுத்துகளை உருவாக்கியவருக்கு, அதற்கு முன் எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது.

பெயர் சீக்வோயா. 1770 வாக்கில், இன்றைய அமெரிக்காவின் டென்னசி பகுதியில் ஒரு செரோக்கித் தாய்க்குப் பிறந்தவர். வெள்ளி வேலை செய்பவர். ஒரு கால் சரியாக வராது, விந்தி விந்தித்தான் நடப்பார். வெள்ளைக்காரர்கள் தாளைப் பார்த்துப் பேசுவது மந்திரம் என்று சுற்றியிருந்த பலர் நம்பினார்கள். அது வெறும் குறிதான், நாமும் செய்யலாம் என்றார் இவர்.

1809 வாக்கில் வேலையைத் தொடங்கினார். முதல் முயற்சி, சொல்லுக்கு ஒரு குறி. அது செம சொதப்பல். காரணம் அந்த மொழியின் இலக்கணம். யார், யாருக்கு, எப்போது எல்லாமே ஒரே வினைச்சொல்லுக்குள் வந்துவிடும். தண்ணீரைக் கொடு, துணியைக் கொடு, கம்பைக் கொடு... இந்த ஒவ்வொரு ‘கொடு’வும் வேறு வேறு சொல். இதற்கெல்லாம் தனித்தனிக் குறி என்றால் எப்படிக் கட்டுப்படியாகும்?

பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரே பேசியது. எழுதி வைத்ததையெல்லாம் மனைவியே எரித்துவிட்டதாகவும் சொல்வார்கள். மனிதர் விடவில்லை. இந்த முறை ஓர் அசைக்கு ஓர் எழுத்து. நம்ம க, கா, கி மாதிரிதான், ஆனால் ஒன்றுக்கொன்று ஜாடையே இருக்காது. 1821-ல் வேலை முடிந்தது. இன்று புழக்கத்தில் இருப்பவை 85.

முதல் மாணவி, அவருடைய சிறுவயது மகள் அயோகா. பெரியவர்கள் சொன்னதை அப்பா எழுத, தள்ளி நின்றிருந்த மகள் வந்து அப்படியே வாசித்தாள். சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கற்றுக்கொண்டார்கள். 1828-ல் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ பத்திரிகையே வந்துவிட்டது.

அடுத்த பத்தே ஆண்டுகளில், 1838-39-ல், அமெரிக்க அரசு செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து மேற்கே விரட்டியது. வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். சிதறிப்போன உறவுகளைத் தேடி மெக்சிகோ போன சீக்வோயா, 1843-ல் அங்கேயே இறந்தார்.

இன்று ஓக்லஹோமாவின் தாலக்வாவில், முழுக்க செரோக்கியிலேயே பாடம் நடத்தும் இம்மர்ஷன் பள்ளி இருக்கிறது. வரும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். அவர்கள் வாசிக்கப் பழகுவது சீக்வோயாவின் எழுத்தில்தான். ஆங்கில இலக்கணம் கெட்டுவிடுமோ என்ற பயம் பெற்றோருக்கு வரத்தான் செய்யும். குழந்தை ‘வென்ட்’ என்பதற்குப் பதில் ‘கோ-டு’ என்று சொன்னால் திக்கென்று இருக்கும். ஆனால் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த குழந்தைகளும் அந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள். பழியைச் செரோக்கி மேல் போடுவது நியாயமே இல்லை.