தாவரநூல் அறிஞர் கோனிக்

தமிழர் அடுக்களையில் கறிவேப்பிலைக்குத் தனியிடம் உண்டு. கடுகு வெடித்தபின் அது எண்ணெயில் விழும் ஓசையையும், உடன் எழும் மணத்தையும் அறியாதார் நம்முள் இலர். பயன் கொண்டபின் ஒருவரை ஒதுக்கிவிடுதலுக்கு இவ்விலையையே உவமையாகக் கூறுவதும் நம்மவர் வழக்கம். இம்மரத்திற்குத் தாவரநூலார் இட்டுள்ள பெயர் பெர்கெரா கோனிகி என்பதாம். முர்ராயா கோனிகி என்றும் பல நூல்களில் காணலாம். இரண்டிலும் மாறாது நிற்கும் கோனிகி என்னும் சொல், தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு மருத்துவரைக் குறிப்பது. அவரையும் நாம் கறிவேப்பிலையைப் போலவே ஒதுக்கிவிட்டோம் என்று கூறுதல் மிகையாகாது.

யோகான் கெரார்டு கோனிக் 1728ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த லிவோனியாவில் பிறந்தார். அவர் பிறந்த இடம் இன்று லாத்வியா நாட்டைச் சார்ந்தது. இளமையில் மருந்து செய்யும் தொழிலைப் பயின்ற அவர், சுவீடன் நாட்டில் லின்னேயஸ் என்னும் பேரறிஞரிடம் மாணவரானார். உலகிலுள்ள உயிர்கள் யாவற்றையும் இருசொற் பெயரால் வகைப்படுத்தும் முறையை நிலைநாட்டியவர் அவ்வறிஞரே. பின்னர்க் கோனிக் டென்மார்க்கை அடைந்து, அங்கிருந்து ஐஸ்லாந்து என்னும் குளிர்மிக்க தீவிற்குச் சென்று செடிகளைத் தேடினார். 1765இல் அவர் அங்குக் கண்டெடுத்த மிகச் சிறிய பூண்டு ஒன்றிற்கு லின்னேயஸ் கோனிகியா என்று பெயர் சூட்டினார். பனிநாட்டுப் பூண்டும் நம் கொல்லைப்புறத்து மரமும் ஒருவர் பெயரையே தாங்கி நிற்றல் வியப்பன்றோ!

1768இல் அவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். இவ்வூர் மயிலாடுதுறைக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் உள்ளது. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனியர் இங்குக் கோட்டை கட்டினர். 1845இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். 1706 முதல் சமயத் தொண்டு புரிந்துவந்த செருமானியப் பாதிரிமார்களின் சபைக்கு மருத்துவராகவே கோனிக் அனுப்பப்பட்டார். நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுத்தலே அவருக்கு இடப்பட்ட பணி. 

ஆயினும் அவர் கண்முன் விரிந்து கிடந்தது எத்தகைய நிலம்! ஒருபுறம் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடு. மறுபுறம் காவிரியின் கிளைகள் பாயும் வயல்வெளி. வரப்பிலும் வாய்க்காலிலும் வல்லாரையும் கோரையும் அல்லியும் மண்டிக் கிடந்தன. இவற்றைப் பறித்துத் தாள்களின் இடையே வைத்து அழுத்தி உலர்த்திப் பேணுதலே தாவரநூலாரின் முதல் வேலை. குளிர்நாட்டில் இஃது எளிது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் நாள்தோறும் மழை பெய்யும் கடற்கரை ஊரில், உலர்ந்த செடி மீண்டும் ஈரம் கொள்ளும், பூசணம் பூக்கும். அதற்குத் தப்பியதைப் பூச்சிகள் தின்னும். தாளை மாற்றிமாற்றி வெயில் கண்டபோதெல்லாம் காயவைத்தாலன்றி ஒரு செடியும் தேறாது. தேறியவை கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பல திங்கள் கழித்து ஐரோப்பாவை அடையவேண்டும்.

அவ்வாறு அடைந்தவற்றுள் கறிவேப்பிலையும் ஒன்று. 1771இல் லின்னேயஸ் தம் நூலில் அதற்குத் தம் மாணவரின் பெயரை இட்டார். கோப்பன்கேகன் நகரப் பேராசிரியர் ரோட்பெல் என்பவர், கோனிக் அனுப்பிய புல்வகைகளையும் கோரைகளையும் ஆராய்ந்து 1773இல் படங்களுடன் வெளியிட்டார். அவர் பெயரிட்ட கோரைகளுள் ஒன்று சைப்பெரஸ் பாங்கோரி. அப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கோரை என்னும் நம் சொல் அதனுள்ளே ஒலித்தலை அறிவீர்கள். பத்தமடைப் பாய் முடையப் பயன்படுவது இக்கோரையே. அச்சொல் கல்விச்சாலையில் பிறந்ததன்று. கோரை அறுப்போரும் பாய் முடைவோரும் வழங்கிய சொல் அது. கடல் கடந்து இலத்தீன் நூலில் ஏறிற்று.

கோனிக் செடிகளோடு நின்றாரல்லர். தென்னாட்டுக் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லின் நகர இயற்கை ஆய்வாளர் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. புற்றிலிருந்து ஈசல் பிடிக்கும் முறையை அதில் அவர் விளக்குகிறார். காற்று வரும் திசையில் ஒன்றும் எதிர்த்திசையில் ஒன்றுமாகப் புற்றில் இரண்டு துளைகள் இடுவார்களாம். காற்று வரும் பக்கத்துத் துளையருகே தீய நாற்றம் எழும் பொருள்களை எரித்துப் புகை மூட்டுவார்கள். மறுபக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானைக்குள் சென்று குவியும். அவற்றை மாவுடன் கலந்து பண்டம் செய்து ஏழை மக்களுக்குக் குறைந்த விலையில் விற்பார்கள். அப்பானையின் உட்புறத்தில் முன்னரே தேய்த்துவைக்கும் நறுமண இலை யாது தெரியுமா? கறிவேப்பிலைதான். கற்றறிந்த ஐரோப்பியர் பலர் இழிவெனக் கருதிக் கடந்து செல்லக்கூடிய இச்செய்தியை, ஓர் அறிவியல் உண்மைக்குரிய மதிப்புடன் அவர் எழுதிவைத்தார்.

இவ்வளவும் தனியொருவர் முயற்சி. தனியொருவர் கையில் உள்ள அறிவு அவரோடு மறையக்கூடும் என்பதையும், எல்லா ஊர்ச் செடிகளையும் ஒருவரே பார்த்துவிட முடியாது என்பதையும் கோனிக் உணர்ந்திருக்க வேண்டும். தம்மைச் சுற்றியிருந்தோர்க்கு அவர் செடிநூல் பற்றினை ஊட்டினார். 1771இல் வந்த ஜான் பாதிரியார், 1776இல் வந்த ராட்லர் பாதிரியார் போன்றோர் அவரோடு சேர்ந்தனர். இவர்களைக் கொண்டு உருவான குழுவிற்கு ஒன்றுபட்ட சகோதரர்கள் என்பது பெயர். செடிகளை அறிதல் ஒன்றே அதன் நோக்கம். உறுப்பினர் யாவரும் வேறு தொழில் உடையோர். ஒருவர் மருத்துவர்; ஒருவர் பள்ளி நடத்துபவர்; ஒருவர் ஊர் ஊராகச் சென்று சமயவுரை ஆற்றுபவர். தத்தம் கடமைக்கிடையே கிடைத்த பொழுதில், ஊதியம் கருதாது இதனைச் செய்தனர்.

அவர்கள் மேற்கொண்ட முறை நோக்கத்தக்கது. தாம் கண்ட செடியின் மாதிரிகளை ஒருவர் மற்றவர்க்கு அனுப்புவார். பெற்றவர்கள் தம்மிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். செடி புதியது என்று துணிந்தால், கலந்து பேசி யாவரும் ஒப்பும் பெயர் ஒன்றை இடுவார்கள். பெயரிட்டவர் இன்னார் எனக் குறிக்கவேண்டிய இடத்தில், எம்மால் என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றையே எழுதினார்கள். புதிய செடிக்குப் பெயரிடும் பெருமைக்காக அறிஞர்கள் ஒருவரோடொருவர் பூசலிட்ட காலம் அது. அப்பெருமையை இவர்கள் பொதுவில் வைத்தார்கள். இதனால் ஒரு குழப்பமும் நேர்ந்தது. ஐரோப்பாவிற்குச் சென்ற மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், எதனை யார் முதலில் கண்டனர், யார் பெயரிட்டனர் என்று பிரித்தறிய இயலாது இடர்ப்பட்டனர். ஆயினும், தன் பெயரைத் துறந்து செய்த பணியில் இக்குழப்பத்தைப் பெருங்குற்றமாக எண்ண நமக்கு மனம் வரவில்லை.

கோனிக்கின் வாழ்வில் பொருள் முட்டுப்பாடு நீங்கவில்லை. சபை தந்த ஊதியம் நெடும்பயணங்களுக்குப் போதவில்லை. எனவே 1774இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் நவாபின் படை தஞ்சையைக் கைப்பற்றியிருந்தது. 1776இல்தான் நாடு மன்னர் துளசாவிடம் திரும்பியது. படைகள் நடந்த அதே பாதைகளில் செடி தேடி நடந்த மனிதர் அவர். 1778இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பணியில் ஏற்றது. அவ்வாண்டே சயாமுக்கும் மலாக்காவுக்கும் புறப்பட்டு, 1780இல் மீண்டார். அப்பயணத்தில் அவர் கண்ட இஞ்சி, மஞ்சள் இனத்துச் செடிகளின் விளக்கத்தை 1783இல் ரெட்சியஸ் என்னும் அறிஞர் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். கோனிக் எழுதியவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு பிறர் நூல்களில் இடம்பெற்றதேயன்றி, அவர் பெயரால் ஒரு பெருநூல் வெளிவரவில்லை.

கம்பெனியில் மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ என்னும் இளைஞர் 1776இல் சென்னைக்கு வந்தார். கோனிக்கின் நட்பு அவரைச் செடிநூலில் ஆழ்த்தியது. 1785இல் வடக்கு நோக்கிப் பயணம் சென்ற கோனிக், காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் சீதபேதி கண்டு படுத்தார். ராக்ஸ்பரோ அருகிருந்து மருத்துவம் பார்த்தார், பயனில்லை. ஜூன் 26ஆம் நாள் கோனிக் உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 56. தம் கையெழுத்து ஏடுகளையும் செடிகளையும் இலண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞருக்கு உரிமையாக்கிச் சென்றார்.

குழு அவரோடு முடிந்துவிடவில்லை. தரங்கம்பாடியில் பிறந்த கிளைன் என்னும் மருத்துவரும், ஹைனே என்பவரும் பின்னர் அதில் சேர்ந்தனர். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் போன்றோரும் அதனோடு தொடர்பு கொண்டனர். ராக்ஸ்பரோ, தாம் கண்டவற்றிற்குத் தாமே பெயரிடும் வழக்கத்தை மேற்கொண்டு சகோதரர்களின் முறையினின்று விலகினார். 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய நூல் இன்றும் போற்றப்படுகிறது. ஜான் பாதிரியார் மீன்களைச் சேர்த்துப் பெர்லினுக்கு அனுப்பினார். நம் கடற்கரையில் கிடைக்கும் கத்தாழை மீன்களுள் ஓரினம் ஜானியஸ் என்று அவர் பெயரையே பெற்றுள்ளது.

ராட்லர் பாதிரியாரோ கோனிக்கிடம் தொடங்கிய பழக்கத்தை இறுதிவரை விடவில்லை. செல்லும் இடமெல்லாம் செடி பறித்து, கண்ட நாளையும் இடத்தையும் குறித்துவைத்தார். தரங்கம்பாடியை விட்டுச் சென்னை வேப்பேரிக்குச் சென்றபின், செடிகளோடு சொற்களையும் தொகுக்கத் தலைப்பட்டார். அவ்வுழைப்பின் பயனான தமிழ் ஆங்கில அகராதி 1834இல் அச்சேறத் தொடங்கிற்று. 1836இல் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதிகளைப் பிறர் முடித்து 1841இல் நிறைவு செய்தனர். அவ்வகராதியில் தமிழ்ச் செடிப்பெயர்கள் பலவற்றின் அருகே அவற்றின் இலத்தீன் பெயர்களும் அச்சிடப்பட்டுள்ளன.