அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார்

மார்கழி வைகறையில் நம்மூர்க் கோயில்களிலே திருவெம்பாவை ஓதும் ஒலியும் சங்கின் நாதமும் எழுகின்ற அதே நாட்களில், பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னை மாநகரில் இசைவிழா நிகழ்கின்றது. ஒரு சபாவில் மங்களம் பாடி முடியுமுன் மற்றொரு சபாவில் தம்பூராவுக்குச் சுருதி கூட்டுகிறார்கள். கேட்போர்க்கு அது செவிக்கு விருந்து; பாடுவோர்க்கோ கடுந்தேர்வு. விருந்தைப் பற்றி எழுதியோர் பலர். தேர்வெழுதியவர் ஒருவரைப் பற்றி எழுதுதல் மாணவர் பயிலும் ஒரு மலருக்குப் பொருந்தும் என்று எண்ணி இக்கட்டுரையை வரையத் துணிந்தேன்.

தொழின்முறைப் பாடகர் ஒருவருடைய வாழ்வு எத்தகையது? மேடையிலே நாம் காணும் மூன்று மணி நேரம் அதன் மிகச் சிறிய பகுதியே. முதல்நாள் இரவு ஓரூரிற் பாடி, நள்ளிரவில் புகைவண்டி ஏறி, உறங்கியும் உறங்காமலும் மறுநாள் வேறூர் சேர்ந்து, புதிய தண்ணீரும் புதிய உணவும் தொண்டைக்கு ஒவ்வாதிருப்பினும், மாலையில் மலர்ந்த முகத்தோடு மேடையேற வேண்டும். அருகிலிருக்கும் பிடில் வித்துவானும் மிருதங்க வித்துவானும் நேற்றையவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. பிடில் கம்பி அறுந்தால் வேறு கம்பி பூட்டலாம். பாடகனுடைய வாத்தியமோ அவன் கழுத்துக்குள் இருக்கின்றது. நாள்தோறும் ஐந்தாறு பாடவேளை உரத்துப் பேசித் தவணை முடிவில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்போன்ற ஆசிரியர்களுக்கு இதன் அருமை ஒருவாறு விளங்கும்.

இவ்வாழ்வை அரை நூற்றாண்டுக் காலம் தளராது நடத்தியதோடு, பிறரும் நடத்துதற்கு ஒரு வழியையும் வகுத்தவர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் அவர்கள்.

அவர் 1890ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் பிறந்தார். அரியக்குடி என்பது செட்டிநாட்டிலே காரைக்குடிக்கு அணித்தாக உள்ள ஊர். திருமால் கோயிலையுடைய அவ்வூரின் பெயர், பின்னாளில் ஊரைக் காட்டாது ஒரு மனிதரையே காட்டும் பெயராயிற்று. சங்கீத உலகில் அரியக்குடி என்றால் அவர் ஒருவரே.

இளமையில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், பின்னர் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பயின்றார். அதன்பின் அவரை ஆட்கொண்ட ஆசான் இராமநாதபுரம் பூச்சி ஶ்ரீநிவாச ஐயங்கார். பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர்; அவருக்குக் குரு மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர்; அவரோ தியாகராஜ சுவாமிகளின் நேர்மாணாக்கர். ஆகவே நம் ஐயங்கார் பெற்ற கல்வி, தியாகராஜரிடமிருந்து வாய்வழியாக இறங்கிவந்த நான்காம் படியில் நின்ற ஆசானிடம் பெற்றதாகும். பூச்சி ஐயங்கார் இராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சார்ந்தவர். மதுரைத் தமிழ்ச்சங்கத்தை 1901ஆம் ஆண்டில் நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் அச்சேதுபதி மரபினரோடு உறவுடையவரே. ஈழத்துப் புலவர்களை மதித்துப் போற்றிய அம்மண்ணிலேயே இவ்விசைப் பயிரும் வளர்ந்தது என்று எண்ணும்போது நமக்கும் ஓர் உறவு தோன்றுகின்றது.

குருகுலவாசம் என்பது இக்காலத்து வகுப்புப் போன்றதன்று. ஆசிரியர் வீட்டிலேயே இருந்து, ஏவின பணி செய்து, அவர் பாடும்போது பின்னிருந்து தம்பூரா மீட்டி, அவர் மனம் கனியும் வேளையில் ஒரு கீர்த்தனத்தின் ஒரு சங்கதியைக் கேட்டுக்கொள்வது அது. எழுதிவைத்துப் படிக்கும் வழக்கம் குறைவு. பூச்சி ஐயங்கார் 1919இல் மறைந்தபோது மாணாக்கருக்கு வயது இருபத்தொன்பது. குரு இயற்றிய வர்ணங்களும் தில்லானாக்களும், மும்மூர்த்திகளின் கிருதிகளும் நெஞ்சில் நிறைந்திருந்தன. ஆனால் வெளியுலகில் இசையைக் கேட்கும் முறை மாறத் தொடங்கிய காலம் அது.

இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பழைய நாளில் கச்சேரி அரசவையிலோ, செல்வர் திருமணப் பந்தரிலோ, கோயில் விழாவிலோ நடைபெற்றது. கேட்போர் சிலர், நேரமோ மிகுதி. நான்கு மணி, ஐந்து மணி நேரம் பாடுவர். கீர்த்தனங்கள் சிலவே இடம்பெறும். பெரும்பகுதியை ஓர் இராக ஆலாபனமும் தானமும் பல்லவியுமே கவர்ந்துகொள்ளும். பல்லவி என்பது ஒருவரி சாகித்தியத்தைத் தாளக் கணக்கோடு பலவாறு விரிப்பது. வித்துவான்கள் ஒருவரையொருவர் மடக்குதற்கும் அதுவே களம். கணக்கறிந்தோர் வியப்பர். ஏனையோர் தூண்களைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

இருபதாம் நூற்றாண்டில் சபாக்கள் தோன்றின. நுழைவுச்சீட்டு வாங்கி வருவோர் கூட்டம் பெருகிற்று. அவருள் வக்கீலும் இருந்தார், குமாஸ்தாவும் இருந்தார், வீட்டுப் பெண்களும் இருந்தனர். 1927ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது இசை மாநாடு ஒன்றும் உடன் நிகழ்ந்தது. அதன் பயனாக 1928இல் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாதெமி, தொடங்கப்பெற்றது. பின்னர் அதன் ஆண்டு விழா டிசெம்பர் மாதத்தில் நிலைபெற்றது. 1932இல் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும், 1943இல் தமிழ் இசைச் சங்கமும் வந்தன. மார்கழி முடிந்தால் திருவையாற்றில் தை மாதத் தியாகராஜ ஆராதனை; அதன்பின் ஸ்ரீராமநவமிக் கச்சேரிகள்; இடையிடையே கலியாண முகூர்த்தங்கள்; பின்பு நவராத்திரி. இவற்றோடு வானொலியும் சேர்ந்துகொண்டது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் ஒலிபரப்பத் தொடங்கின. திருச்சி வானொலி கடல் கடந்து யாழ்ப்பாணத்து வீடுகளிலும் தெளிவாகக் கேட்டமை நம் மூத்த பழைய மாணவர்க்கு நினைவிருக்கும்.

நாள்தோறும் நான்கு மணி நேரம் பழைய முறையிற் பாடிப் பல்லவி யுத்தம் செய்துகொண்டு இத்தகைய காலவட்டத்தை ஒரு மனிதர் எத்தனை ஆண்டு சுற்றிவர முடியும்? மதுரை புஷ்பவனம் ஐயரின் சாரீரத்தைப் பற்றி முதியோர் கண்கலங்கப் பேசுவர். அவர் இளமையிலேயே மறைந்துபோனார். அரியக்குடியாரின் சாரீரம் அத்தகைய தேன்குரல் என்று அவருடைய அன்பர்களும் சொல்வதில்லை. அது உறுதியான, சுருதியோடு இழைந்த, நன்கு பழக்கப்பட்ட குரல், அவ்வளவே. தம்மிடம் உள்ளது இவ்வளவு என்று அவர் அறிந்திருந்தார் என்பதே அவர் வாழ்வின் திறவுகோல் என்பது என் துணிபு. அளவறிந்து செலவிடும் குடித்தனக்காரன் போல அவர் தம் குரலைச் செலவிட்டார்.

அவர் வகுத்த கச்சேரி முறையைப் பாருங்கள். முதலில் ஒரு வர்ணம். இது சபையோர்க்கு மட்டுமன்று, பாடகரின் தொண்டைக்கும் பக்கவாத்தியக்காரரின் விரல்களுக்கும் பதம் கொடுக்கும் பயிற்சி. இரண்டு காலத்திலும் அதைப் பாடி முடிக்கும்போது குரல் தானே திறந்துவிடுகின்றது. அடுத்துச் சிறியனவும் விறுவிறுப்பானவுமான சில கிருதிகள். சபை நிமிர்ந்து உட்காரும். பின் ஓர் இராகத்தை அளவாக ஆலாபனம் செய்து, கிருதியும் நிரவலும் கற்பனாசுரமும். இடையே ஒரு சவுக்ககாலக் கிருதி. பின்னர்ப் பிரதானமான உருப்படி. மிருதங்க வித்துவானுக்குத் தனி ஆவர்த்தனம். தனி நடக்கும் அவ்வேளையில் பாடகர் தாளம் போட்டுக்கொண்டே குரலுக்கு ஓய்வு கொடுக்கின்றார். இராகம் தானம் பல்லவி உண்டு, ஆனால் சுருக்கமாக. கடைசியில் பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல், விருத்தம், தில்லானா என்று துக்கடாக்கள். மங்களம். இரண்டரை மணி அல்லது மூன்று மணி நேரத்துள் பல இராகங்கள், பல வாக்கேயகாரர்கள், பல தாளங்கள். எதுவும் சலிக்கும்வரை நீளுவதில்லை. இன்னும் சிறிது பாடமாட்டாரா என்று சபை ஏங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்.

நடையிலும் அவர் மத்திமகாலத்தையே பெரிதும் கைக்கொண்டார். மிக விளம்பமும் இல்லை, ஓட்டமும் இல்லை. அந்நடையில் பாட்டுக்கு உயிரோட்டமும் உண்டு, மூச்சுக்குச் சேமிப்பும் உண்டு.

இம்முறையைக் குறைகூறினோர் இல்லாமலில்லை. பல்லவியின் ஆழம் சுருங்கிற்று, ஒன்றைத் தோண்டுவதை விட்டுப் பலவற்றைத் தொட்டுச் செல்வதாயிற்று, பாமரரை மகிழ்விக்க வித்தையைக் குறைத்தாயிற்று என்றனர். இக்குறையில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பின் வந்த சிலர் கையில் இம்முறை வெறும் நிகழ்ச்சி நிரலாகிப் போனதும் உண்டு. ஆயினும் இம்முறை இல்லாதிருந்தால், தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகியோரின் கிருதிகளில் எத்தனை ஒரு சாதாரணக் குடும்பத்தினர் காதில் விழுந்திருக்கும்? பல்லவி ஒன்றையே கேட்டு வீடு திரும்பியோர் எத்தனை பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போயிருப்பர்? அவருடைய முறை தொழிலின் நெருக்கடியிற் பிறந்தது. ஆனால் கேட்போருக்குச் செல்வமாயிற்று. அவருக்குப் பின் மேடையேறியோர் பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றினர். ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்று முற்றிலும் வேறான குரலும் போக்கும் உடையவர்களும் அவரை முன்மாதிரியாகக் கொண்டனர்.

பக்கவாத்தியக்காரரோடு அவருக்கிருந்த உறவு தனியே குறிப்பிடத்தக்கது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் அவரைவிட இருபத்திரண்டு ஆண்டு இளையவர்; எவரையும் எளிதிற் பாராட்டாதவர். அவர் அரியக்குடியாரின் பாட்டில் பெரும் பற்றுக்கொண்டிருந்தார். கே. வி. நாராயணசுவாமியை அரியக்குடியாரிடம் மாணாக்கராகச் சேர்ப்பித்தவரும் மணி ஐயரே. கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை போன்ற மூத்தோரும், லால்குடி ஜயராமன், டி. என். கிருஷ்ணன் போன்ற இளைஞரும் பிடில் வாசித்தனர். பேரனையொத்த இளைஞர் பக்கத்தில் அமரும்போதும் அவருக்குரிய இடத்தை விட்டுக்கொடுத்துப் பாடுதல் அம்முறையின் இயல்பு. பி. இராஜம் ஐயர், மதுரை என். கிருஷ்ணன் ஆகியோரும் அவர் மாணாக்கரே.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1941ஆம் ஆண்டு முதல் தமிழிசை இயக்கம் எழுந்து, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் எது என்ற வழக்கு வலுத்தது. அகாதெமி ஒருபுறமும் தமிழிசையாளர் மறுபுறமுமாக நின்றனர். அரியக்குடியார் அகாதெமியோடு நெருங்கியவர். அவருடைய கச்சேரியிற் பெரும்பகுதி தெலுங்கும் வடமொழியுமே. அதனை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் இராகம் அமைத்துத் தந்தவர் அவரே. முதல் ஐந்து பாசுரங்களை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராக ஐந்திலும் அதே வரிசையில் அமைத்தார். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகள் அமைந்த இராகங்கள் இவையே என்பதை இசையறிந்தோர் உணர்வர். ஆண்டாளின் தமிழுக்கு அவர் இட்ட ஆசனம் எத்தகையது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? எம். எல். வசந்தகுமாரியின் குரலில் அப்பாசுரங்கள் மார்கழிதோறும் வீடுவீடாகச் சென்றன. சீகாழி அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளுக்கும் அவர் புதிதாக இசை அமைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். திருவெம்பாவை ஓதும் நாம், திருப்பாவையை அவர் மெட்டிற் கேட்கும்போது அமைத்தவர் பெயரை அறியாமலே கேட்டிருக்கின்றோம்.

பெருமைகள் உரிய காலத்தில் வந்தன. 1938இல் அகாதெமியின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சங்கீத கலாநிதி ஆனார். 1952இல் சங்கீத நாடக அகாதெமி முதன்முதலாக விருது வழங்கியபோது கருநாடக வாய்ப்பாட்டுக்கு அவரையும், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயரையும் தெரிந்தது. இருவரும் செட்டிநாட்டோடு பெயர் பிணைந்தவர்கள். 1958இல் பத்மபூஷண்.

1961ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை இசையுலகத்தார் விரும்பிச் சொல்வர். காஞ்சிப் பெரியவர் காரைக்குடிப் பக்கத்து இளையாத்தங்குடியில் மௌன விரதத்தோடு தங்கியிருந்தார். அரியக்குடியார் அப்பக்கம் வந்திருக்கிறார் என்று அறிந்து அழைப்பித்து, முத்துசுவாமி தீட்சிதர் முருகன்மேற் பாடிய காம்போதிக் கிருதியைப் பாடும்படி கேட்டார். சபையில்லை, பிடில் இல்லை, மிருதங்கம் இல்லை. எழுபது வயது கடந்த வித்துவான் ஒருவர் முன்னிலையில் அமர்ந்து பாடினார். பதங்களைப் பிரிக்கும் இடம் தவறாமல், பொருள் சிதையாமல் அவர் பாடுவார் என்பதற்காகவே அவரை அழைத்ததாகப் பெரியவர் பின்னர் விளக்கினாராம். சொல்லைச் சிதைத்துப் பாடும் வழக்கத்தைக் கேட்டுக் கேட்டு நொந்த தமிழாசிரியர்கள் இந்நிகழ்ச்சியை அறிந்து மகிழ்வர்.

முதுமையிலும் அவர் பாடினார். குரல் நைந்தபோதும் முறை அவரைத் தாங்கிற்று. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் அப்பாதையில் எங்கே ஏற வேண்டும், எங்கே இளைப்பாற வேண்டும் என்பது அவருக்கு ஊர் வழிபோலத் தெரிந்திருந்தது. மார்கழி கழிந்து தை பிறந்து பத்து நாள் அளவில், 1967ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், தமது எழுபத்தாறாம் வயதில் மறைந்தார். அடுத்த மார்கழியில் சபாக்களில் மேடையேறிய பாடகர்கள் வழக்கம்போல ஒரு வர்ணத்தோடு தொடங்கினார்கள்.