பேரேட்டில் பிறந்த துணிவு

படிப்பை முடித்துப் புதிதாகப் பணியில் சேரும் இளைஞருக்கு முதல் நாளில் கையும் நாவும் நடுங்குவது இயல்பு. தைரியமாக இரு என்று பெரியோர் சொல்லி அனுப்புவர். நண்பர்கள் கேலி செய்து அனுப்புவர். இவ்விரண்டினாலும் அந்நடுக்கம் தீர்ந்ததாக நாம் கண்டதில்லை. அது வேறெதனால் தீரும் என்பதை அறிய, அண்ணல் காந்தியடிகளின் வாழ்வில் 1891 முதல் 1894 வரையிலான சில ஆண்டுகளை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். உப்பு அறப்போரும் வட்டமேசை மாநாடும் அனைவரும் அறிந்தவை. வேலை கிடைக்காமலும், கிடைத்த வேலையைச் செய்யத் தெரியாமலும் தவித்த காந்தியை நம்மில் பலர் அறியோம்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், இளமையிலேயே கூச்சம் மிகுந்தவர். பள்ளி மணி அடித்ததும், யாரேனும் தம்மிடம் பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று வீட்டிற்கு ஓடிவிடுவார். 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். அங்கே மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம் பெற்றும், கூட்டங்களில் வாய் திறவாமலே அமர்ந்திருந்தார். ஒருமுறை தம் கருத்தை எழுதிக் கொண்டு சென்றார். அதனைப் படிக்கும் துணிவும் வராமையால் பிறர் படிக்க நேர்ந்தது. தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு அளித்த விருந்தில், ஆயத்தம் செய்திருந்த உரையில் முதல் வாக்கியத்திற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். மறுநாள் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அதற்கடுத்த நாள் கப்பல் ஏறிவிட்டார். பட்டம் கையில் இருந்தது, தொழில் தெரியவில்லை. இந்தியச் சட்டத்தை அவர் படித்ததே இல்லை. பம்பாயில் தங்கித் தொழில் பழக முயன்றபோது கிடைத்த முதல் வழக்கு மமிபாய் என்னும் பெண்மணியுடையது. சிறுவழக்கு மன்றத்தில் நடந்த அவ்வழக்கில் பிரதிவாதிக்காக முன்னிலையாக ஒப்புக்கொண்டு 30 ரூபாய் ஊதியம் பெற்றார். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, மன்றமே சுழல்வதுபோல் தோன்றியது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் அகப்படவில்லை. தம்மால் இயலாது, பட்டேல் என்பவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று முகவரிடம் கூறி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பட்டேல் 51 ரூபாய் பெற்று அவ்வழக்கை எளிதாக நடத்தினார். தென்னாப்பிரிக்கா செல்லும் வரை காந்தியடிகள் மீண்டும் வழக்காட மன்றம் ஏறவில்லை.

மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் ஆங்கில ஆசிரியர் தேவை என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்திருந்தது. அதற்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பின்னர் ராஜ்கோட்டுக்குத் திரும்பி, பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

இந்நிலையில்தான் போர்பந்தர் மேமன் வணிகரான தாதா அப்துல்லாவின் நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. நேட்டாலில் பெருவணிகம் நடத்திவந்த அந்நிறுவனம், 40,000 பவுன் கோரித் தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்குத் தொடுத்திருந்தது. ஓராண்டுப் பணி, 105 பவுன் ஊதியம், முதல் வகுப்பில் போய்வரும் செலவு. பாரிஸ்டராக அன்று, ஒரு நிறுவனத்தின் ஊழியராகவே செல்கிறோம் என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். 1893 ஏப்ரலில் கப்பல் ஏறினார்.

வழியில் ஜான்சிபார் துறைமுகத்தில், நீதிமன்ற நடைமுறையைக் காணலாம் என்று ஒரு மன்றத்திற்குள் சென்றார். அங்கே ஒரு பார்சி வழக்குரைஞர் கணக்கேட்டின் பற்று வரவுகளைப் பற்றிச் சாட்சியிடம் வினவிக்கொண்டிருந்தார். காந்தியடிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணக்குப்பதிவியலை அவர் பள்ளியிலும் பயிலவில்லை, இலண்டனிலும் பயிலவில்லை. அவர் பணியாற்றப் போகும் வழக்கோ பெரும்பாலும் கணக்கைப் பற்றியது.

மே மாத இறுதியில் டர்பனில் இறங்கினார். அப்துல்லா சேட் அவரைக் கண்டு மலைத்தார் என்றே சொல்லவேண்டும். ஆடம்பரமான உடை, அதற்கேற்ற செலவு, கொடுப்பதற்குத் தக்க வேலை இல்லை. எழுத்தர் வேலையை எழுத்தர்களே நன்றாகச் செய்தார்கள். வழக்கு நடக்கும் பிரிட்டோரியாவுக்கு அனுப்பலாமெனில், எதிர்த்தரப்பார் இவ்விளைஞரைத் தம்பக்கம் இழுத்துவிட்டால் என்செய்வது என்ற ஐயம் வேறு. சேட் ஏட்டுக் கல்வி மிகக் குறைந்தவர், பட்டறிவோ மிகுந்தவர். வங்கி மேலாளர்களிடமும் வெள்ளை வணிகர்களிடமும் தம் கருத்தை விளக்கும் அளவுக்கு ஆங்கிலம் பேசுவார். இஸ்லாத்தைப் பற்றி உரையாடுவதில் அவருக்குப் பெருவிருப்பம். அம்மார்க்கத்தின் நெறிகளைக் காந்தியடிகள் ஓரளவு அறிந்துகொண்டது அவரோடு பழகியதனால்தான். வேலைக்கு அமர்த்திய முதலாளியே ஐயுற்று நோக்கும் புதிய ஊழியனின் நிலை எவ்வளவு இக்கட்டானது என்பதைப் பணியில் இருப்போர் அனைவரும் அறிவர்.

நிறுவனத்தின் எழுத்தர் வழக்கை விளக்கத் தொடங்கினார். இது பற்று, இது வரவு என்று அவர் சொல்லச் சொல்லக் குழப்பமே மிகுந்தது. பி நோட் என்ற சொல் அடிக்கடி வந்தது. அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். தெரிந்ததுபோல் தலையசைத்திருக்கலாம். பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் எழுத்தரிடம் போய்க் கேட்பதா என்று எண்ணியிருக்கலாம். காந்தியடிகள் எழுத்தரிடமே தம் அறியாமையைச் சொல்லிக் கேட்டார். அது கடனுறுதிச் சீட்டு என்று அவர் விளக்கினார். அதன்பின் கணக்குப்பதிவியல் நூல் ஒன்றை விலைக்கு வாங்கிப் படித்தார். ஓரளவு நம்பிக்கை பிறந்தது. வழக்கு விளங்கத் தொடங்கியது. பிரிட்டோரியா செல்ல ஆயத்தமானார். வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் பாடத்தை ஒரு பாரிஸ்டர் 23ஆம் வயதில் தனியே அமர்ந்து கற்றார் என்பது அம்மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

பிரிட்டோரியாவுக்குச் செல்லும் வழியில், 1893 ஜூன் 7ஆம் நாள் இரவு, மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது உலகறிந்த செய்தி. ஆதலின் அதனை விரிக்கவில்லை. அவ்விரவைக் குறித்து எழுதாதவர் இல்லை. அதற்கு முன் அவர் வாங்கிப் படித்த கணக்கு நூலைக் குறித்து எழுதியவர் சிலரே. நம் கருத்தில் இரண்டும் ஒப்ப மதிக்கத்தக்கவை.

பிரிட்டோரியாவில் வழக்கின் எதிர்த்தரப்பினர் தையப் ஹாஜி கான் முகம்மது சேட். நேட்டாலில் தாதா அப்துல்லாவுக்கு இருந்த செல்வாக்கு அங்கே இவருக்கு இருந்தது. காந்தியடிகள் தயங்காமல் இவரை நாடிச் சென்று, டிரான்ஸ்வால் இந்தியரின் நிலைமையை ஆராய உதவி கேட்டார். எதிர்வழக்காடுபவர் உதவினார்! ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் சேட்டின் இல்லத்தில் கூட்டம் நடந்தது. வந்திருந்தோரில் பெரும்பாலோர் மேமன் வணிகர், இந்துக்கள் சிலர். தம் வாழ்வின் முதல் பொதுச் சொற்பொழிவு என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டது இதனைத்தான். வணிகத்தில் உண்மை என்பது பொருள். வணிகமும் உண்மையும் ஒன்றாகச் செல்லா என்று அந்நாளில் வணிகர் பலரும் கூறிவந்ததை மறுத்துப் பேசினார். நா குழறவில்லை. இலண்டனில் பேச எழுந்தபோது தம்மை எப்படிக் காட்டிக்கொள்வது என்ற கவலை முன் நின்றது. இங்கோ சொல்லவேண்டிய பொருள் கைவசம் இருந்தது. கேட்போர்க்கு அது தேவையாகவும் இருந்தது.

ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்குத் தாமே கற்பிப்பதாகவும் அக்கூட்டத்தில் கூறினார். மூவர் முன்வந்தனர். முடிதிருத்துபவர் ஒருவர், எழுத்தர் ஒருவர் ஆகிய இருவரும் முஸ்லிம்கள்; சிறுகடைக்காரரான மூன்றாமவர் இந்து. மாணவர்கள் இவரிடம் வரவில்லை. அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கு இவர் சென்று, ஓய்வு கிடைக்கும்வரை காத்திருந்து, ஏறத்தாழ 8 மாதங்கள் பாடம் சொன்னார். ஆசிரியப் பணிக்குத் தகுதியில்லை என்று பம்பாயில் மறுக்கப்பட்டவர் அவர்.

வழக்கில் அவருக்கு இடப்பட்ட பணி எளியது: குஜராத்தி மடல்களை மொழிபெயர்ப்பதும், வழக்குரைஞர்களுக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தருவதும். அப்பணிக்காகத் தாள்கள் அனைத்தையும் படித்தார். நாளடைவில் அவ்வழக்கின் செய்திகளை அவர் அளவுக்கு அறிந்தவர் வேறெவரும் இல்லை என்ற நிலை வந்தது. தாதா அப்துல்லாவின் பக்கம் வலுவானது என்பது தெளிவாயிற்று. வழக்கு நீண்டால், உறவினரும் ஒரே ஊரினருமான இருவரும் அழிவர் என்பதும் தெளிவாயிற்று. இருவரிடமும் பேசி நடுவர் தீர்ப்புக்கு இணங்கவைத்தார். தாதா அப்துல்லாவுக்கு ஆதரவாக 37,000 பவுனும் செலவுத்தொகையும் தீர்ப்பாயின. அத்தொகையை ஒரே தவணையில் செலுத்தத் தையப் சேட்டால் இயலாது. கடனை அடைக்க இயலாது நொடித்துப் போவதினும் சாவதே மேல் எனக் கருதுவது போர்பந்தர் மேமன்களின் மரபு. ஆகவே நீண்டகாலத் தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு தம் முதலாளியை வேண்டினார். இருவரையும் இதற்கு இணங்கவைப்பது நடுவர் தீர்ப்புக்கு இணங்கவைத்ததைவிடக் கடினமாயிருந்தது. தாதா அப்துல்லா இசைந்தார். இருவர் மதிப்பும் உயர்ந்தது. முன்பு தம் ஊழியனை ஐயுற்ற அதே சேட், இப்போது அவர் சொல்லுக்காகத் தமக்குரிய பெருந்தொகைக்குக் காத்திருக்க ஒப்பினார்.

ஓராண்டு முடிந்தது. ஊர் திரும்ப எண்ணியவரை நேட்டால் இந்தியர் தங்கவைத்தனர். 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றியது; அப்துல்லா சேட் தலைவர், காந்தியடிகள் செயலாளர். அதே ஆண்டில் வழக்குரைஞர் சங்கத்தின் எதிர்ப்பையும் மீறி நேட்டால் உச்சநீதிமன்றம் அவரை வழக்குரைஞராக ஏற்றது.

தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு நாள் தமிழர் ஒருவர் அலுவலகத்தினுள் வந்து நடுங்கி நின்றார். கிழிந்த ஆடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி வழிந்தது, தலைப்பாகை கையில் இருந்தது. பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. வெள்ளை முதலாளி அடித்திருந்தார். தமிழரான எழுத்தர் ஒருவர் அவர் கூறியதை மொழிபெயர்க்க, காந்தியடிகள் கேட்டறிந்தார். மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்றார். அன்றே நீதிபதி முன் கொண்டுசென்றார். முதலாளிக்குத் தண்டனை வாங்குவதைவிடப் பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிப்பதே நோக்கம் என்று தெளிந்து, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றச் செய்தார்.

வெள்ளையர் முன் செல்லும் ஒப்பந்தக் கூலிகள் தலைப்பாகையைக் கழற்றிவிடவேண்டும் என்பது அந்நாட்டு வழக்கமாயிருந்தது. காந்தியடிகளிடமும் அவ்வாறே நடந்துகொள்ளவேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணியிருந்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் சொன்னார். அவர் சிறிது தயங்கினார். பின்பு கட்டிக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது.